ஆயிரத்து நூறாவது விமானத்தின் லாபத்தை முதல் விமானத்தில் எழுதலாமா? அமெரிக்கக் கணக்கியல் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நிதிக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போயிங் ஒரு காலாண்டில் எத்தனை விமானங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்ததோ, அந்த விமானங்களைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை அதே அறிக்கையில், லாப நட்டக் கணக்கை ஒட்டியே காட்ட வேண்டும் என்று நீங்கள் விதி கொண்டுவர வேண்டும். இப்போது அந்த இடத்தில் வருவது உண்மையான அடக்கவிலை இல்லை. பல ஆண்டுகள் கழித்துச் செய்யப்போகிற விமானங்களையும், இன்னும் யாருமே ஆர்டர் கொடுக்காத விமானங்களையும் சேர்த்து எடுத்த ஒரு சராசரி.

நான் தமிழ்நாட்டில் அடக்கவிலைக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். உங்கள் நாட்டில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் உங்கள் விதிப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பங்கு வாங்குகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், விமானம் ஆர்டர் செய்கிறார்கள். 2023ல் ஏர் இந்தியா போயிங்கிடம் 220 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. அந்த ஆர்டர்களும் நான் சொல்லும் சராசரிக் கணக்கில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

கற்றல் வளைகோடு பாடத்தை நடத்தும் எந்த ஆசிரியரும் விமானத்தில்தான் தொடங்குவார். காரணம், அந்தக் கண்டுபிடிப்பே அங்கிருந்து வந்ததுதான். 1936ல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், செய்த விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது என்று எழுதினார். முதல் விமானம் மலையளவு செலவு வைக்கும், நூறாவது அதில் சிறு பங்குதான் கேட்கும். ஆனால் விற்பனை விலை அப்படி இறங்குவதில்லை. முதல் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி வேறு கொடுக்க வேண்டும். ஆக, ஆரம்பகால விமானங்கள் நட்டத்துக்குத்தான் போகும். இதில் ஒளிக்கவும் ஒன்றுமில்லை, தவறும் இல்லை. தொழிலின் இயல்பு அது.

கேள்வி, அந்த நட்டத்தை எங்கே எழுதுவது என்பதுதான். வகுப்பில் நான் போடும் சின்னக் கணக்கை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக.

ஒரு நிறுவனம் ஐந்து விமானங்கள் செய்கிறது. ஒவ்வொன்றும் 100 கோடிக்கு விற்கும். அடக்கவிலை வரிசையாக 150, 110, 80, 60, 50 கோடி. மொத்தச் செலவு 450, மொத்த வரவு 500. கடைசியில் 50 கோடி லாபம், நல்லது. விமானம் விமானமாகக் கணக்கு எழுதினால் முதல் விமானத்தில் 50 கோடி நட்டம், இரண்டாவதில் 10 கோடி நட்டம், அப்புறம் 20, 40, 50 என்று லாபம். திட்டக் கணக்கு முறையில், அதாவது போயிங் பின்பற்றும் புரோகிராம் அக்கவுண்டிங் முறையில், சராசரி அடக்கவிலை 90. எனவே முதல் விமானம் கைமாறிய அன்றே 10 கோடி லாபம். செலவான 150 கோடியில் 90 மட்டும் செலவாக எழுதப்படும். மீதி 60 கோடி? அது 'தள்ளிவைத்த உற்பத்திச் செலவு' என்ற பெயரில் சரக்கிருப்போடு சேர்ந்து சொத்தாகிவிடும். விமானம் பறந்து போய்விட்டது, அதன் செலவு மட்டும் கிடங்கில் சொத்தாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது விமானம் போனதும் அந்த இருப்பு 80 கோடி. அப்புறம் 70, 40 என்று இறங்கி ஐந்தாவதோடு பூஜ்யமாகும்.

இனி இதில் ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். ஐந்து இல்லை, ஆறு விமானம் விற்போம் என்று நிர்வாகம் நம்புகிறது. ஆறாவதன் அடக்கவிலை 48 கோடி ஆகும் என்று மதிப்பிடுகிறது. மொத்தச் செலவு 498, சராசரி 83. உடனே, முதல் விமானத்தின் லாபம் 10 கோடியிலிருந்து 17 கோடியாகிறது. தொழிற்சாலையில் ஒரு ரிவெட் கூட மாறவில்லை. வாங்கியவர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவில்லை. ஆறாவது விமானத்துக்கு ஆர்டரே வரவில்லை. காகிதத்தில் ஓர் எண்ணிக்கை மாறியது, லாபம் 70 சதவீதம் கூடியது.

இதே நிறுவனம் மூன்றாவது விமானத்தோடு உற்பத்தியை நிறுத்த நேர்ந்தால் எப்படி? உண்மையான கணக்கு 40 கோடி நட்டம். ஆனால் ஐந்து விமானக் கணக்கில் அதுவரை மூன்று முறை 10 கோடி லாபம் அறிவித்தாயிற்று, அதை வைத்து ஊக்கத்தொகையும் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் 70 கோடியும் ஒரே நாளில் நட்டமாக வந்து விழும்.

இப்போது நிஜமான விமானத்துக்கு வருகிறேன். போயிங்கின் 787 டிரீம்லைனர் பயணிகள் விமானத்தை 2007 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் எவரெட் தொழிற்சாலையில் ஊரைக் கூட்டி அறிமுகம் செய்தார்கள். அன்று வெளியே இழுத்துவந்தது பல இடங்களில் தற்காலிக ஆணிகளால் கோத்து நிறுத்திய ஒரு கூடு. ஜப்பானின் நகோயாவிலிருந்து இறக்கை, இத்தாலியின் குரோட்டாலியேவிலிருந்து உடற்பகுதி, சார்ல்ஸ்டனிலிருந்து பின்பகுதி என்று வந்து சேர வேண்டிய பாகங்கள் அரைகுறையாக வந்தன. எவரெட்டில் பிரித்து மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. முதல் பறப்பு 2009 டிசம்பர் 15 வரை தள்ளிப்போனது. முதல் விமானம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்குக் கைமாறியது 2011 செப்டம்பரில்.

அந்த மாதங்களில்தான் போயிங் இந்தத் திட்டத்துக்கான கணக்கு எண்ணிக்கையை, அதாவது சராசரி எடுக்கச் சேர்த்துக்கொள்ளும் விமானங்களின் எண்ணிக்கையை, அறிவித்தது: 1,100 விமானங்கள். அன்று கையில் இருந்த ஆர்டர் 800 சொச்சம். 2013 இறுதியில் அந்த எண்ணிக்கை 1,300 ஆனது. பின்னால் இன்னும் ஏறியது. தள்ளிவைத்த செலவின் இருப்பு 2,500 கோடி டாலரில் உச்சம் தொடும் என்று 2013ல் சொன்னார்கள். அதையும் தாண்டி 2016ன் தொடக்கத்தில் 2,860 கோடி டாலருக்குப் போனது.

2014ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு 114 டிரீம்லைனர்கள் ஒப்படைக்கப்பட்டன. தள்ளிவைத்த செலவு சுமார் 2,160 கோடி டாலரிலிருந்து சுமார் 2,610 கோடி டாலராக ஏறியது. ஓர் ஆண்டில் 450 கோடி டாலர், தோராயமாக ஒரு விமானத்துக்கு 4 கோடி டாலர். அதே ஆண்டில் நிறுவனம் முழுவதற்கும் அறிவித்த செயல்பாட்டு லாபம் 750 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. விமானத்துக்கு விமானம் எழுதியிருந்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். இரண்டு எண்ணும் ஆண்டறிக்கையில் இருக்கின்றன. லாப எண் தலைப்புச் செய்தி. தள்ளிவைத்த செலவின் எண் சரக்கிருப்புக் குறிப்பின் உள்ளே, தேடிப் படிப்பவருக்கு மட்டும். 2013க்கும் 2019க்கும் இடையில் போயிங் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவிட்டது 4,000 கோடி டாலருக்கு மேல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் மனதை அதிகம் உறுத்தும் எண் அடுத்தது. 2011ல் தொடங்கி 2023 முடிய ஆண்டுவாரியாக ஒப்படைப்புகளைக் கூட்டினால் 1,110 டிரீம்லைனர்கள் வருகின்றன. முதலில் அறிவித்த கணக்கு எண்ணிக்கை 1,100. அந்த முதல் மதிப்பீடு சரியாக இருந்திருந்தால், ஆயிரத்து நூறாவது விமானத்தோடு தள்ளிவைத்த இருப்பு பூஜ்யமாகியிருக்க வேண்டும். 2023 கடைசியில் அது ஏறக்குறைய 1,240 கோடி டாலர். இடையில் 2021ன் கடைசிக் காலாண்டில் இந்தத் திட்டத்துக்காக 350 கோடி டாலர் நட்டம் எழுதியதற்கு அப்புறமும் இவ்வளவு மிச்சம். கொரோனா வந்தது உண்மை. உடற்பகுதி இணைப்புகளில் தரக்குறை கண்டுபிடித்து மாதக்கணக்கில் ஒப்படைப்பை நிறுத்தியதும் உண்மை. ஆனால் 2012ல் அந்தப் பங்கை வாங்கியவர், 1,100 விமானங்களுக்குள் இது தீர்ந்துவிடும் என்ற கணக்கில் வந்த லாபத்தைப் பார்த்துத்தானே வாங்கினார்? அவருக்கு என்ன பதில்?

சோதனைப் பறப்புக்கு வைத்த விமானங்களின் கதையையும் சொல்ல வேண்டும். 787ல் அப்படி ஆறு விமானங்கள். அவற்றையும் பிறகு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் செலவைச் சரக்கிருப்பில் வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்டில், முதல் மூன்றும் விற்கத் தேறாது என்று சொல்லி 250 கோடி டாலரை ஆராய்ச்சிச் செலவுக்கு மாற்றினார்கள். ஒன்று இப்போது நகோயா விமான நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. மற்ற இரண்டும் டூசானிலும் சியாட்டிலிலும் அருங்காட்சியகங்களில். ஆறாவது மெக்சிகோ அரசுக்குப் போய் அதிபர் விமானமானது. நான்காவதும் ஐந்தாவதும்? 2016ன் இரண்டாம் காலாண்டு வரை சரக்கிருப்பிலேயே இருந்தன. முதல் மூன்றையும் விற்க முடியாது என்று ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டு கழித்துத்தான் இந்த இரண்டுக்கும் 120 கோடி டாலருக்கு மேல் செலவாக எழுதினார்கள். அந்தக் காலாண்டில் 747 திட்டத்துக்கும் எரிபொருள் நிரப்பும் டாங்கர் விமானத்துக்கும் எழுதிய நட்டங்கள் சேர்ந்து, நிறுவனமே நட்டக் கணக்கு காட்டியது. அதே ஆண்டு பிப்ரவரியில், 787க்கும் 747க்கும் போயிங் கணக்கு எழுதும் முறையை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரிக்கிறது என்று செய்தி வந்தபோது பங்கு ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. விதி தெளிவாக இருந்திருந்தால் ஒரு செய்திக்கு இத்தனை பயம் ஏன்?

இந்த முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. அதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு புதிய விமானம் இருபது, முப்பது ஆண்டு உற்பத்தியாகும். ஆரம்பச் செலவு முழுவதையும் முதல் வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும் உண்மையான படம் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மொத்தத் திட்டமே நட்டம் என்று தெரிந்தால் அந்த நட்டத்தை உடனே, முழுசாக எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடும் இந்த முறையில் உண்டு. அது நல்ல கட்டுப்பாடு.

ஆனால் அந்தக் கட்டுப்பாடே ஒரு வினோதமான அழுத்தத்தை உண்டாக்குகிறது. திட்டத்தின் சராசரி லாபம் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்வரை எல்லாச் செலவையும் தள்ளிவைக்கலாம். கொஞ்சம் கீழே இறங்கினால் பல நூறு கோடி ஒரே காலாண்டில் வெடிக்கும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நிர்வாகிக்கு, எண்ணிக்கையில் இன்னொரு நூறைச் சேர்ப்பதும், எதிர்காலச் செலவு இன்னும் குறையும் என்று நம்புவதும் எவ்வளவு எளிதான வழி! அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். நம்பிக்கையாக மதிப்பிடுபவருக்கு லாபமும், எச்சரிக்கையாக மதிப்பிடுபவருக்கு நட்டமும் வரும்படி விதி இருந்தால் நேர்மையானவரும் மெல்ல அந்தப் பக்கம்தான் சாய்வார். அதனால்தான் உண்மைச் செலவு பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்கிறேன்.

இது போயிங்கின் இன்றைய நிர்வாகத்தோடு தொடங்கியதும் இல்லை. மெக்டானல் டக்ளஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் தன் எம்டி-11 விமானத்துக்கு இதே சராசரி முறையைத்தான் வைத்திருந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி வரவில்லை. 1995ன் கடைசிக் காலாண்டில், இனி விமானத்துக்கு விமானம் எழுதுகிறோம் என்று முறையை மாற்றியதும் 180 கோடி டாலருக்கு மேல் ஒரே மூச்சில் எழுத வேண்டியதாயிற்று. அந்த விமானம் மொத்தம் 200தான் செய்யப்பட்டது. அதற்கும் முன்னால் லாக்ஹீட், டிரைஸ்டார் விமானத்தை 250 செய்துவிட்டு, போட்ட பணம் திரும்பாமல் 1981ல் கைவிடுவதாக அறிவித்துப் பயணிகள் விமானத் தொழிலை விட்டே போனது.

1997ல் என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்டில் போயிங்கும் மெக்டானல் டக்ளஸும் இணைந்தன. அக்டோபரில் 737, 747 உற்பத்தி வரிசைகளை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டிய அளவுக்குத் தொழிற்சாலை திணறிப்போயிருந்தது தெரியவந்தது. 160 கோடி டாலர் நட்டம் எழுதினார்கள். இணைப்புக்கு முன்பே இந்தச் செலவு மீறல் நிர்வாகத்துக்குத் தெரியும், சராசரிக் கணக்கு அதை மூடிவைத்தது என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே போயிங் 9.25 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வருடத்தோடு விதியில் கைவைத்திருக்க வேண்டும்.

'வேறு வழியில் கணக்கு எழுதினால் யாரும் புது விமானமே செய்ய மாட்டார்கள்' என்று சொல்பவர்களுக்கு ஏர்பஸ் இருக்கிறது. ஐரோப்பா பின்பற்றும் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைப்படி அவர்கள் இந்தச் சராசரி முறையைப் பயன்படுத்துவதில்லை. ஒப்படைத்த விமானத்தின் அடக்கவிலை அந்தக் காலத்திலேயே செலவாகிறது. நட்டத்தில் முடியும் ஒப்பந்தங்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய்கிறார்கள். அவர்களின் ஏ350 விமானம் அப்படித்தான் பல ஆண்டு லாபத்தைத் தின்றுகொண்டே வளர்ந்தது. இன்று நன்றாக ஓடுகிறது. ஏர்பஸ் புனிதமான நிறுவனம் என்று சொல்ல வரவில்லை. வடிவமைப்புச் செலவில் ஒரு பகுதியைச் சொத்தாக எழுத அவர்களின் விதி இடம் கொடுக்கிறது. உங்கள் விதி அதை அனுமதிப்பதில்லை, போயிங் அதை உடனே செலவாக எழுதுகிறது. அரசுகளின் கடனுதவி வேறு ஐரோப்பியர்களுக்கு இருந்தது. ஆனாலும் கைமாறிய விமானத்துக்கு எவ்வளவு செலவானது என்ற அடிப்படைக் கேள்விக்கு அங்கே லாபக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இந்தியாவிலும் பன்னாட்டுத் தரநிலையை ஒட்டிய விதிகள்தான். என் மாணவர் ஒருவர் தேர்வில், விற்றுப்போன பொருளின் செலவைச் சரக்கிருப்பில் வைத்தால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

2014 மே மாதம் நீங்களும் லண்டனில் உள்ள பன்னாட்டு வாரியமும் சேர்ந்து வருவாய்க்கான தரநிலையை வெளியிட்டீர்கள். பல ஆண்டு உழைப்பு அது, வருவாய்ப் பக்கம் இரு உலகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. போயிங் 2018லிருந்து அதைப் பின்பற்றுகிறது. செலவுப் பக்கம் மட்டும் இந்தப் பழைய வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. உலகில் பெரிய பயணிகள் விமானம் செய்பவர்கள் முக்கியமாக இருவர்தான். அந்த இருவரின் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்றால், ஒப்பிடத்தக்க கணக்கு என்று நாம் எல்லோரும் பேசும் கொள்கைக்கு இங்கே என்ன வேலை?

முறையையே ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதற்குப் பல ஆண்டு விவாதம் தேவைப்படும். உடனே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்தக் காலாண்டில் ஒப்படைத்த விமானங்களின் உண்மை அடக்கவிலையும், சராசரி முறைப்படி எழுதிய செலவும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வரட்டும். இதற்குப் புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. எந்த விமானத்தில் எத்தனை மணி நேர உழைப்பு போனது, எந்தப் பாகம் என்ன விலை என்பது தொழிற்சாலையில் இல்லாமல் தள்ளிவைத்த செலவைக் கணக்கிடவே முடியாது.

கணக்கு எண்ணிக்கையில் உறுதியான ஆர்டர் எத்தனை, எதிர்பார்ப்பு எத்தனை என்பது இப்போதும் ஓரளவு தெரிகிறது. தெரியாதது, அந்த எண்ணிக்கை மாறும்போது லாபம் எவ்வளவு மாறியது என்பது. எண்ணிக்கையை 100 கூட்டினால் அந்தக் கூட்டலால் மட்டும் இந்தக் காலாண்டில் வந்த லாபம் இவ்வளவு என்று தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், நட்டம் எழுதிய திட்டங்களைப் பற்றி ஒன்று. மொத்த நட்டத்தையும் முன்பே எழுதிவிட்டதால் அதற்குப் பிறகு ஒப்படைக்கும் ஒவ்வொரு விமானமும் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் பூஜ்யமாகத் தெரியும். ஒன்று 5 கோடி டாலர் கையைக் கடித்தாலும் பூஜ்யம், ஒன்று சம்பாதித்துக் கொடுத்தாலும் பூஜ்யம். இந்தத் திட்டங்களுக்கு உண்மை அடக்கவிலை அட்டவணை இல்லாவிட்டால் வெளியே இருப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் எதுவுமே தெரியப்போவதில்லை.

போயிங்கின் புதிய விமானமான 777எக்ஸ் அந்த நிலையில்தான் இருக்கிறது. 2020ன் கடைசியில் 650 கோடி டாலர், 2024ன் பின்பாதியில் 350 கோடி, 2025ன் மூன்றாம் காலாண்டில் 490 கோடி என்று ஒரு விமானம் கூட ஒப்படைப்பதற்கு முன்பே ஏறக்குறைய 1,500 கோடி டாலர் நட்டம் எழுதியாயிற்று. 2020ல் வர வேண்டிய முதல் விமானம் 2027ல் வரும் என்கிறது நிறுவனம். அதற்குள் நீங்கள் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், முதல் 777எக்ஸ் கைமாறும் காலாண்டிலிருந்தே அந்த அட்டவணை அறிக்கையில் இருக்கும். வரைவு வந்தால் என் கருத்தையும் என் மாணவர்களின் கருத்தையும் முறைப்படி அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் அடக்கவிலைக் கணக்கியல் ஆசிரியர்